சோதனைச் சாவடியில் சொன்னது

12 மார்ச் 2007

கர்ப்பப்பையை எடுத்தபிறகு அந்தப் பக்கம் இனித் தொல்லையில்லை என்றிருந்தேன். யோனியின் உட்சுவரில் இரண்டு இடத்தில் புண் மாதிரியாம். புற்றுநோய் இல்லை, விட்டால் ஆகலாம், லேசரால் எரிக்கலாம் என்றார் டொக்டர் அருந்ததி. காரணம் ஒரு வைரஸ். புருசன் பெண்சாதிக்குள் தொற்றுவது.

“எப்ப, ஆரிட்டையிருந்து எண்டு தேடாதேங்கோ. கனகாலத்துக்கு முந்தியும் வந்திருக்கலாம்.”

தேடாமல் இருக்க நான் என்ன கல்லா?

13 மார்ச்

இவருக்குச் சொல்லவில்லை. என்னைச் சந்தேகிப்பாரா? நான் இவரைச் சந்தேகிக்கிறேனா? ச்சீ. பல்லுப் பிடுங்கவேணும் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

20 மார்ச்

எரித்தாயிற்று. கீழ்வீட்டு நேசம் கூட வந்தாள். அவளுக்கும் ‘பொம்பிளை வருத்தம்’ என்று மட்டும். கொஞ்சக் காலம் இவரோடு சேரக்கூடாதாம்.

“எந்தப் பல்லு?” என்று கேட்டுவிட்டு, கஞ்சி வைத்துத் தந்தார். பாவி மனுசன்.

27 மார்ச்

நேற்றுக் கட்டுநாயக்காவில் விமானத் தாக்குதல். இன்று சந்திக்குச் சந்தி செக்கிங். மருந்துக் கடைக்குப் போகையில் பஸ்ஸால் இறக்கினார்கள். பெண்களுக்கு ஒரு சீலை மறைப்பு. தடவிக்கொண்டு வந்த பொலிஸ்காரியின் கை, இரத்தத்துக்கு நான் வைத்திருந்த பஞ்சில் நின்றது. “மே மொகத்த?” என்ன இது? அடையாள அட்டையில் வயதைப் பார்த்தாள்; மாதவிலக்கு நின்றுபோகிற வயது, குண்டோ என்று நினைத்திருப்பாள். தோளில் துவக்கோடு இன்னொருத்தி உள்ளே வந்தாள்.

தெரிந்த சிங்களத்தில் எல்லாம் சொன்னேன். எங்கே புண், எப்படி எரித்தது, இன்னும் இரத்தமும் நீரும் போவது.

கையை எடுத்துவிட்டாள். தனியாகவா வந்தாய், மாத்தையா, அதுதான் புருசன், எங்கே என்று கேட்டாள். அவருக்குத் தெரியாது என்றேன். நான் போகச் சீலையை விலக்கிப் பிடித்தாள்.

அதே நாள், பின்னேரம்

துவக்கோட நிக்கிறவளுக்குச் சொல்லலாம், பக்கத்தில படுக்கிற மனுசனுக்குச் சொல்ல ஏலாதோ? சொல்லிப்போட்டன்.

கதிரையில் இருந்துவிட்டார். பிறகு, “கலியாணத்துக்கு முந்தி, மன்னாரிலை வேலை செய்யேக்கை—” என்று தொடங்கினார். அவர் கண்ணில் நீர்.

“நிப்பாட்டுங்கோ,” என்றேன்.

கேட்டிருக்கலாமோ? தெரியாது. கோபமாகவும் இருக்கிறது, நெஞ்சுப் பாரம் இறங்கினது மாதிரியும் இருக்கிறது.

28 மார்ச்

இன்றும் கஞ்சி.

26 யூன்

எரித்தபிறகு முதல் பரிசோதனை. இவரும் வந்தார். என்ன பார்க்க வந்தது என்று நேர்ஸ் கேட்க, காது மந்தமான இந்த மனுசன், “என்ரை மனுசிக்கு யோனியிலை லேசர் செய்தது!” என்று ஹோல் முழுக்கக் கேட்கச் சொன்னார். ஐயோ, எனக்கு மானம் போச்சு.

புண் ஆறிவிட்டது, புதிதாக ஒன்றும் இல்லை. ஆறு மாதத்தில் திரும்ப வரட்டாம்.

வெளியே வந்தபோது, முக்காடு போட்ட ஒரு பெண் என் கையைப் பிடித்தாள். பெயர் ஹமீமாவாம். “நோவுமா? எனக்கும் அதுதான் செய்யணுமாம். ஊட்டுல ஒருத்தருக்கும் சொல்லல்ல,” என்று காதுக்குள் கேட்டாள்.

“மயக்கித்தான் செய்வினம், நோகாது,” என்றேன். குரலைத் தாழ்த்தாமல்தான் சொன்னேன்.