உண்ணிப் புதரில் அடைகிடந்த கோழி

கரமனை, திருவனந்தபுரம்
6 மே 2025

கோலப்பனுக்கு அக்கா முத்தாரம்மாள் எழுதுவது.

போனக்காட்டுத் தேயிலை எஸ்டேட்டில் அன்றைக்கு இருந்தவர்கள் பெயரை முதலில் சொல்லிவிடுகிறேன். கிழவிக்கு மறதி வந்துவிட்டது என்று எவனும் சொல்லக் கூடாது. நான். என் இடுப்பில் கைக்குழந்தையாக மகள் செண்பகவல்லி. நீ. உன் நாய் செவலை. பக்கத்து லயத்து சுசீலாபாய். வாட்சர் யோசுவா. அப்புறம் உன் அத்தான், இவுக. இவுக பெயரை நான் வாயால் சொன்னதில்லை, கையால் எழுதினதுமில்லை. செத்துப் போன பிறகும் இல்லை. போன மாசம் ஆஸ்பத்திரி கவுண்டரில் "பர்த்தாவின்றே பேரு?" என்று அந்தப் பெண் கேட்டுக்கொண்டே இருந்தாள். நான் பேத்தி சுஜாவின் கையைத்தான் கிள்ளினேன்.

வான்கோழி படம் அனுப்பி, "அக்கா, போனை எடு" என்று எழுதியிருக்கிறாய். எடுக்க மாட்டேன். உன்னோடு பேச மாட்டேன் என்று அன்றைக்குக் குழந்தை தலையில் கை வைத்துச் சத்தியம் பண்ணினேன். எழுத மாட்டேன் என்று சொல்லவில்லை. அதனால் எழுதுகிறேன், சுஜா இதைப் படம்பிடித்து உன் போனுக்கு அனுப்புவாள். அவளுக்கு மலையாளம்தான் வாசிக்கத் தெரியும். தமிழைக் கண்டால் "இது கோலமா அம்மம்மா?" என்பாள். அதுவும் நல்லதுதான்.

அந்தக் காட்டுக்கோழியை நான் எப்படிப் பார்த்திருந்தேன் தெரியுமா? தேயிலை முடிந்து ஈற்றை மூங்கில் காடு தொடங்குகிற இடத்தில், உண்ணிப் புதருக்குள் அடைகிடந்தது. கொழுந்து கிள்ளிக்கொண்டே கைக்கெட்டும் தூரத்தில் போய் நிற்பேன். அசையாது. கண் மட்டும் என்னைப் பார்க்கும். காய்ந்த இலை ஒன்று முதுகில் விழுந்து கிடந்தது, அதைக்கூட உதறவில்லை. நம்ம வீட்டுக் கோழி ஒரு முட்டை இட்டால் லயம் முழுக்கக் கூப்பாடு போடும். இது மகாராணி. கீரி, காக்கை, பாம்பு, மரநாய் எல்லாம் சுற்றி வருகிற இடத்தில் ஒற்றைக்கு உட்கார்ந்திருந்தது. சேவல் எங்கேயோ மேட்டில் நின்று கூவிக்கொண்டிருக்கும். ஆம்பிளைதானே.

அதைத்தான் உன் நாய் தின்றது. நிறுவைக் கொட்டகையில் நிற்கும்போது இவுக வந்து சொன்னதும் ஓடிப் போய்ப் பார்த்தேன். ஓடெல்லாம் நொறுங்கிக் கிடந்தது. எல்லாரும் பார்க்க, "நாயை அடித்து விரட்டு, இல்லாவிட்டால் நீயும் போ" என்றேன். நீ நாயைக் கூட்டிக்கொண்டு மலை இறங்கினாய். செண்பகவல்லி கல்யாணத்துக்கு வரவில்லை. இவுக சாவுக்கும் வரவில்லை. எல்லாம் என் மனசில் இருக்கிறது.

அன்புள்ள என்று மேலே போடவில்லை, கவனித்திருப்பாய்.

அந்த வான்கோழி எங்கே அடைகிடக்கிறது? எழுது. உனக்காகக் கேட்கவில்லை.

முத்தாரம்மாள்


பென்சில்வேனியா
8 மே 2025

அன்புள்ள அக்காவுக்கு, தம்பி கோலப்பன் வணக்கத்துடன் எழுதியது.

உன் கையெழுத்தைப் பார்த்து இந்த வயசில் அழுதேன். என் மகள் அஜிதா பயந்துபோய் டாக்டரைக் கூப்பிடட்டுமா என்றாள். இங்கே காட்டுப் பறவைகளைக் கணக்கெடுக்கிற ஆபீசில்தான் அவளுக்கு வேலை. வான்கோழி என்றால் சந்தையில் விற்கிற வெள்ளைக் கோழி என்று நினைத்துக்கொள்ளாதே. இது காட்டு ஜாதி. நிழலில் கறுப்பு, வெயில் பட்டால் செம்புக் குடம்.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் புல்வெளி. அதன் ஓரத்தில் முள்ளுப் புதர். அங்கேதான் அடைகிடக்கிறாள். பழுப்புப் புள்ளி போட்ட முட்டைகள். மரத்தில் அஜிதா ஒரு கேமரா கட்டியிருக்கிறாள். அதில் பார்த்தால்தான் தெரிகிறது, அவளுக்கு எத்தனை பகையாளிகள்! ரக்கூன் என்று ஒன்று, முகத்தில் கறுப்புத் துணி கட்டின திருடன் மாதிரி. முட்டை என்றால் உயிர். நரி மாதிரி ஒன்று தாய்க்கோழியையே தூக்கும். கோட்டான், காக்கை, பாம்பு வேறு. மழை பெய்தால் இன்னும் ஆபத்து. நனைந்த இறகின் வாடை வெகுதூரம் வரைக்கும் போய், திருடனுக்கு வழி காட்டுமாம். பாதிக் கூட்டுக்கு மேல் பாழாய்ப் போகும் என்கிறாள் அஜிதா. இதற்கெல்லாம் மேலே, புல் அறுக்கிற டிராக்டர். தாய்க்கோழி எழுந்து ஓடாது. அப்படியே அரைபட்டுச் சாகும்.

செவலை தின்னவில்லை என்று அன்றைக்கே சொன்னேன். ஊரே சொரிமுத்து அண்ணாச்சி என்று கையெடுத்துக் கும்பிடுகிற அத்தான் கண்ணால் கண்டதாகச் சொல்லும்போது, நாய்க்கு யார் சாட்சி? அது போகட்டும். உன் குரலை ஒரு தடவை கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

உன் தம்பி,
கோலப்பன்


கரமனை
15 மே 2025

கோலப்பனுக்கு,

அங்கே மழையா? டிவியில் அமெரிக்காவில் மழை என்று காட்டினான். எந்த ஊர் என்று சொல்லாமல் விட்டான், பாழாய்ப் போனவன். சுஜாவைப் பிடித்து உங்கள் ஊர் மழையைப் போனில் பார்க்கச் சொன்னேன். "அம்மம்மைக்கு எந்தா, அவிடெ வீடுண்டோ?" என்று சிரிக்கிறாள்.

அந்தப் புதர்ப் பக்கம் ஒரே தடத்தில் நடக்காதே. உன் தடத்தை மோந்துகொண்டே எல்லாம் வந்து சேரும். குடை கிடை பிடிக்கப் போகாதே. உன் புத்தி எனக்குத் தெரியும். சின்ன வயசில் நீ கோழிக்குச் சட்டை தைத்தவன். அதுவும் என் பாவாடையைக் கிழித்து, பச்சைப் பாவாடை. நான் மறக்கவில்லை.

மழையில் அசையாமல் உட்கார்ந்திருக்கிறாள் என்றால் அவளும் மகாராணிதான். அவ்வளவு பகையாளிக்கு நடுவில் ஒருத்தி கண் சிமிட்டாமல் இருப்பதைப் பார்த்தால் எனக்கு நெஞ்சு நிமிர்கிறது. ஆண் கோழி என்ன செய்கிறது? தோகையை விரித்துக்கொண்டு வேறு பக்கம் நிற்கும். அதை எழுத வேண்டாம்.

டிராக்டர்காரனிடம் பேசு. இங்கிலீஷ் தெரியாது என்று ஒளிந்துகொள்ளாதே.

முத்தாரம்மாள்


பென்சில்வேனியா
3 ஜூன் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

குஞ்சு பொரித்துவிட்டது! எல்லாம் புல்லுக்குள் புகுந்து அவள் பின்னாலேயே போயின. பறக்கத் தெரிகிற வரைக்கும் தரையில்தான் படுக்கை, அம்மா இறக்கைதான் வீடு. நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

போன வாரம் டிராக்டர் வந்தது. அஜிதா ஆபீசுக்குப் போயிருந்தாள். நான் வேட்டியோடு ஓடிப் போய் முன்னால் நின்றேன். அந்த ஆள் இறங்கி ஏதோ கத்தினான். அப்படியே புல்லில் குந்தி, கையை இறக்கை மாதிரி விரித்து, "கொக் கொக்" என்றேன். அவன் முறைத்துப் பார்த்தான். பிறகு தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துகொண்டு, புதர் ஓரம் முழுக்க அறுக்காமல் விட்டுவிட்டுப் போனான். இப்போது என்னைப் பார்த்தால் அவனும் "கொக் கொக்" என்கிறான்.

அவள் போன பிறகு அஜிதா கூட்டைக் காட்டினாள். பொரித்த முட்டை என்றால் அகலப் பக்கம் மூடி மாதிரி வட்டமாக அறுத்துத் திறந்திருக்கும். உள்தோல் காகிதம் போலக் காய்ந்திருக்கும். எதுவாவது தின்ற முட்டை என்றால் மஞ்சள் கரு ஒழுகியிருக்கும், எறும்பு மொய்க்கும், தாய்க்கோழியைப் பிடித்திருந்தால் இறகு சிதறிக் கிடக்கும்.

அக்கா, உனக்கு மறதி என்பதே கிடையாது. அன்றைக்குப் போனக்காட்டில் பார்த்ததை நினைத்துச் சொல். ஈரம் இருந்ததா? எறும்பு? இறகு? நீ என்ன சொன்னாலும் ஒப்புக்கொள்கிறேன்.

கோலப்பன்


கரமனை
5 ஜூன் 2025

அன்புள்ள தம்பி கோலப்பனுக்கு,

ஈரம் இல்லை. எறும்பு இல்லை. இறகு ஒன்றுகூட இல்லை. ஓடெல்லாம் மண்ணுக்குள் அமுங்கிச் சப்பளிந்து கிடந்தது. ஓரத்தில் ஒரே ஒரு முட்டை தப்பியிருந்தது. அதன் மூடி தோலில் தொங்கிக்கொண்டிருந்தது. நானும் கோழி வளர்த்தவள்தான். கண் பார்த்தது. ஆனால் காது அதற்கு முன்னாலேயே இவுக சொன்னதைக் கேட்டுவிட்டது.

நாய் மிதித்து அப்படி அமுங்காது. வெறுங்காலால் மிதித்தாலும் அமுங்காது. நான், நீ, சுசீலாபாய், யோசுவா எல்லாருக்கும் அன்றைக்கு வெறுங்கால். மருந்தடிக்கிற ஆளுக்குத்தான் எஸ்டேட்டில் ரப்பர் பூட்ஸ் கொடுத்தான். லயத்தில் பூட்ஸ் இருந்தது ஒரே ஒருத்தருக்கு. அன்றைக்குச் சாயங்காலம் பைப்படியில் அந்தப் பூட்சைக் கழுவினவள் நான். அடியில் உள்ள பள்ளத்தில் ஓடு ஒட்டியிருந்தது. ஈர்க்குச்சியால் குத்தி எடுத்தேன். பாவம், நமக்காகப் போய்ப் பார்த்திருக்கிறாக என்று நினைத்துக்கொண்டேன்.

ஒற்றை அறை வீடு. "உன் தம்பி எப்பப் போவான்?" என்று இவுக கேட்டுக்கொண்டே இருந்த வாரம் அது. உன்னிடம் நேரில் போகச் சொல்ல இவுகளுக்கு வாய் வரவில்லை. பழி போட ஒரு வாயில்லா ஜீவன் கிடைத்தது.

இன்றைக்கு இவுக படத்துக்குப் பூ வைக்கவில்லை. "எந்தா அம்மம்மே, பூ வாங்கிச்சில்லே?" என்று சுஜா கேட்டாள். "வெல கூடிப்போச்சு மோளே" என்றேன்.

ஆனால் ஒன்று கேட்டுக்கோ. என் மகாராணி சாகவில்லை! அத்தனை குஞ்சையும் கூட்டிக்கொண்டு ஈற்றைக்குள் போயிருக்கிறாள். கீரி கண்ணில் படாமல், காக்கை கண்ணில் படாமல், என் கண்ணிலேயே படாமல். இத்தனை வருஷம் அவளுக்காக அழுதேன், கெட்டிக்காரி. மேட்டில் கூவுகிற கோழிகளில் அவள் பேரன் பேத்தி இருக்கும். சுஜாவைக் கூட்டிக்கொண்டு போய் அந்தக் கூவலைக் கேட்கப்போகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை நானே போன் பண்ணுவேன். பொய்யைக் கேட்டுப் பண்ணின சத்தியம் செல்லாது. எடுத்ததும் அழாதே. டிராக்டர்காரனிடம் சொன்ன மாதிரி "கொக் கொக்" என்று சொல், நான் கேட்க வேண்டும். சிரித்துச் சிரித்து எனக்கு விலா வலிக்கிறது. ஒரு உயிருக்காக மிஷின் முன்னால் போய்க் குந்தினாயே, உன்னை நான்தான் தூக்கி வளர்த்தேன்.

என் பச்சைப் பாவாடைக் கணக்கைக்கூட விட்டுவிட்டேன். சுசீலாபாய் திருப்பித் தராத முறத்தையும் விட்டுவிட்டேன். இனி ஒருத்தரைத்தான் மன்னிக்க மாட்டேன். தாலி ஏறின நாளிலிருந்து எழுதாத பெயர். இப்போது முழுசாக எழுதுகிறேன்.

இப்படிக்கு, உன் அன்புள்ள அக்கா முத்தாரம்மாள்.

நான் மன்னிக்காதவர்:

சொரிமுத்து.