சத்தம் வராத அறை

சாத்தூர்
7.7.2024

அன்பு மகள் யோகலட்சுமிக்கு அம்மா எழுதிக்கொள்வது.

நலம். மருமகனும் பிள்ளையும் சுகமா? போனில் பேசலாமே என்கிறாய். இந்த முதியோர் இல்லத்துக்கு ஒரே போன், அதுவும் ஹாலில். பேசினால் அத்தனை பேர் காதும் என் வாயில்தான் இருக்கும்.

நான் வெறுங்காலோடு வாசல் கேட்டுக்கு ஓடுகிறேன் என்று இல்லத்தை நடத்தும் கற்பகம் மேடம் உன்னிடம் சொல்லிவிட்டாராம். பட்டாசுக் கம்பெனி எதுவும் வெடித்தால் ஓடத்தான் செய்வேன். புகை ஏழாயிரம்பண்ணைப் பக்கமா, வேறு பக்கமா என்று பார்க்க வேண்டாமா? உன் தம்பி பாண்டி அங்கேதானே ஒரு கம்பெனியில் வெடிமருந்து கலக்குகிறான். எங்கே சத்தம் கேட்டாலும் அவன் வாட்ச்மேன் போனிலிருந்து கூப்பிடுவான். "எம்மா, நம்ம கம்பெனி இல்ல, பயப்படாத" என்பான். அதற்கப்புறம்தான் எனக்கு மூச்சு சீராகும்.

உன் அம்மா,
வள்ளித்தாய்

கோயம்புத்தூர்
21.7.2024

அன்புள்ள அம்மாவுக்கு,

உனக்கு ரத்தக் கொதிப்பு கூடியிருப்பதாக டாக்டர் சொன்னார். ஓடும்போது படியில் விழுந்ததை நீ எழுதவே இல்லை.

உன் அறைக்குச் சத்தம் வராமல் இருக்க ஏற்பாடு செய்திருக்கிறேன். சுவரில் பஞ்சு வைத்துப் பலகை அடிப்பார்கள். ஜன்னலுக்கு ரெட்டைக் கண்ணாடி, கதவைச் சுற்றி ரப்பர். இங்கே ஓர் இல்லத்தில் பார்த்தேன். தெருவில் மேளம் போனது, உள்ளே இருந்தவர்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மேடம் சம்மதித்துவிட்டார். மறுக்காதே அம்மா. இனியாவது அமைதியாகத் தூங்கு.

அன்புடன்,
யோகா

சாத்தூர்
25.8.2024

அன்பு மகளுக்கு,

அறை வேலை முடிந்துவிட்டது. குக்கர் விசில், டிவி, பக்கத்து அறை செல்லச்சாமி அண்ணனின் இருமல், ஒன்றும் உள்ளே வருவதில்லை. அவர் வந்து சுவரைத் தட்டிப் பார்த்தார். "ஏ தாயி, ஒன்னைய ஊறுகா மாதிரில்ல போட்டு மூடியிருக்காக! உள்ளாற செத்துக் கெடந்தாலும் சோத்துக்குக் கூப்புடுறப்பத்தான் தெரியும்" என்றார்.

"ஒம்ம இருமலுக்குத் தப்பிச்சேனே, அது போதும்" என்றேன்.

தூக்கம் வருகிறது. ஆனால் பாண்டி கூப்பிடுவதை நிறுத்திவிட்டான். ஞாயிற்றுக்கிழமை வந்தவனிடம் கேட்டேன். "ஒனக்குத்தான் சத்தமே கேக்காதே, பெறகு எதுக்கும்மா? சீசன் நேரம், வேலைய விட்டுட்டு வாட்ச்மேன்ட்ட ஓட முடியல" என்றான்.

முன்பு சத்தம் வந்தால் பயம், அவன் குரல் வந்தால் நிம்மதி. இப்போது நாள் முழுக்க ஒன்றும் தெரியாமல் உட்கார்ந்திருக்கிறேன். ஜன்னலைத் திறந்தால் மேடம் மூடச் சொல்கிறார். அந்தக் கண்ணாடியையாவது எடுக்கச் சொல்லம்மா.

அம்மா

கோயம்புத்தூர்
20.10.2024

அம்மா,

தம்பியின் காரியத்தன்று நீ என்னோடு பேசவில்லை. போன கடிதத்துக்கும் பதில் இல்லை.

கண்ணாடியை எடுக்கச் சொன்னாய். பழகிவிடும் என்று எழுதினேன். அன்று அவன் கம்பெனி வெடித்ததும் மேடம் எனக்குத்தான் முதலில் சொன்னார். நான் வந்து சேரும்வரை உன்னிடம் சொல்ல வேண்டாம் என்றது நான். பக்கத்தில் யாரும் இல்லாதபோது உனக்கு அது தெரியக் கூடாது என்று நினைத்தேன். மேடத்தைக் கோபிக்காதே.

என்னோடு வந்து இருக்கிறாயா? என் மேல் கோபமா? அதையாவது எழுது.

யோகா

சாத்தூர்
10.11.2024

யோகலட்சுமிக்கு,

கடிதங்கள் வந்தன. கோபமா என்று கேட்டிருந்தாய். தெரியவில்லை. அழுகையும் வரவில்லை. ஊசி போட்டுப் பல் பிடுங்கிய இடம் மாதிரி இருக்கிறது.

கோயம்புத்தூர் வரவில்லை. அறையைச் செல்லச்சாமி அண்ணனுக்குக் கொடுக்கச் சொல்லிவிட்டேன். ஹாலில் கட்டில் போட்டுத் தந்திருக்கிறார்கள். அன்று எல்லாரும் வாசலில் நின்று புகையைப் பார்த்தார்களாம். "வாய் வரைக்கும் வந்துச்சு தாயி. மேடம் சொல்லாதீகன்னு கையெடுத்துக் கும்பிட்டாக" என்று அண்ணன் சொன்னார்.

அன்று பகல் எனக்கு எப்படிப் போனது என்று உனக்குத் தெரியாது. சாப்பாட்டை மேடமே அறைக்குக் கொண்டுவந்தார். என்ன அதிசயம் என்று நினைத்தேன். புடலங்காய்க் கூட்டு. நன்றாக இருந்தது. இன்னும் கொஞ்சம் கேட்டேன், வைத்தார். பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். மோரும் வாங்கிக் குடித்துவிட்டுச் சாயங்காலம்வரை தூங்கினேன். நீ வந்து எழுப்பினாய்.

உன் முகத்தைப் பார்த்தால் எனக்கு அந்தக் கூட்டுதான் ஞாபகம் வருகிறது. அதனால் கொஞ்ச காலம் வராதே.

அம்மா