ஆடத் தயாராக வாருங்கள்

சனிக்கிழமை, இரவு.

தம்பியின் பேண்டு சாயங்காலம் பீச் ரோட்டில் பாடியது. ‘ஃபோக், ப்ளூஸ், ரெகே. ஆடத் தயாராக வாருங்கள்’ என்று நோட்டீஸில் போட்டிருந்தார்கள். அம்மாவோடு போனேன்.

மூன்றாவது பாட்டு, அப்பா செத்த அன்று நான் வைத்த ஒப்பாரி. வார்த்தை மாறவில்லை, ரெகே தாளம் மட்டும் புதிது. ‘வச்ச சோறு ஆறிப்போச்சே அப்பா’ என்ற இடத்தில் கூட்டமே சேர்ந்து பாடி ஆடியது. அம்மா எழுந்து போய்விட்டாள்.

முடிந்ததும் கேட்டேன். “எனக்கே மறந்துபோச்சு. உனக்கு எப்படிடா ஞாபகம் இருக்கு?”

“போன்ல ரெக்கார்டு பண்ணி வச்சிருந்தேங்கா. ஜனங்க எப்படி ரசிச்சாங்க, பாத்தியா?”

அன்று போனை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றான். அழுகையை அடக்குகிறான் என்று நினைத்து, நான்தான் போய் அவனைக் கட்டிக்கொண்டேன்.