மாடிப்படியில் ஓர் இருக்கை

அன்புள்ள என்னவருக்கு,

நானும் பெண்ணும் நலம். நீங்களும் நலமாகத்தான் இருப்பீர்கள். எப்போது கேட்டாலும் அப்படித்தான் சொல்கிறீர்கள், நம்புவதைத் தவிர எனக்கு வேறு வழியில்லை. போன் இருக்கும்போது இவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பீர்கள். போனில் பிடிக்காத பேச்சு வந்தால் நான் கத்துவேன், நீங்கள் வைத்துவிடுவீர்கள். கடிதத்தில் இரண்டுக்கும் இடமில்லை.

போன வாரம் நீங்கள் சொன்னதை அவளிடம் இன்னும் சொல்லவில்லை. “ஸ்கூல்ல அந்தத் தொழில் வகுப்புலேர்ந்து அவள நிறுத்திடு, வியாபாரம் நம்ம குடும்பத்துக்கு ராசியில்ல” என்றீர்கள். நானும் சரி என்றுதான் வைத்தேன். மறுநாள் அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல வாய் வரவில்லை. ஏன் என்று எழுதுகிறேன், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

முதலில், அது பணம் பண்ணச் சொல்லித் தரும் வகுப்பு இல்லை. வணிகவியல் டீச்சர் பள்ளி விட்ட பிறகு பிள்ளைகளை உட்காரவைத்து, உங்கள் தெருவில் யாருக்கு என்ன கஷ்டம் என்று பாருங்கள், அதைத் தீர்க்கிற சின்னத் தொழில் ஒன்றை நடத்துங்கள் என்கிறார். நன்கொடை மட்டும் வாங்கக் கூடாது. கொடுக்கிறவர் கை ஓய்ந்தால் உதவியும் ஓய்ந்துவிடும் என்பது அவர் கட்சி.

நம் வாயாடியும் அவள் தோழர்களும் வெகுதூரம் போகவில்லை, நம் கட்டடத்தையே எடுத்துக்கொண்டார்கள். லிஃப்ட் இல்லாத நான்கு மாடி. மேலே இருக்கும் பெரியவர்களுக்கு முழங்கால் வலி. கீழே மளிகைக் கடை, பேக்கரி, நான் வேலை பார்க்கும் மருந்துக் கடை. சாமானை வாசலுக்கே கொண்டுபோய்க் கொடுப்பது, அதற்கு ஒரு சிறு கூலி. திட்டம் அவ்வளவுதான். ஆரம்பத்தில் பிள்ளைகள் படியேறி இறங்கியதைப் பார்த்து எனக்கே மூச்சு வாங்கியது.

பிறகு பெரியவர்கள் ஒவ்வொருவராக வேண்டாம் என்று சொல்ல ஆரம்பித்தார்கள். காரணம் மட்டும் யாரும் சொல்லவில்லை. ஒருநாள் சாயங்காலம் முழுக்க இவள் அழுதாள். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். நாம் நடத்தி மூடிய ரொட்டிக் கடையின் கடைசி மாதங்கள்தான் எனக்கு ஞாபகம் வந்தன. நீங்கள் சொன்னது சரிதான் போல என்றுகூட நினைத்தேன்.

ஆனால் டீச்சர் அவளைத் தேற்றவும் இல்லை, திட்டவும் இல்லை. போய்க் கேட்டுவிட்டு வா என்று அனுப்பினார். ஒரே ஒரு நிபந்தனை, அவர்கள் பேசி முடிக்கும்வரை இவள் குறுக்கே பேசக் கூடாது. நம் பெண்ணுக்கு இதைவிடப் பெரிய தண்டனை உண்டா, சொல்லுங்கள்! நாலாவது மாடியில் பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர் இருக்கிறாரே, அவர் வீட்டில் உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அவர் சுற்றி வளைத்துக் கடைசியில், “பை மேல வருது பாப்பா, மனுஷங்க வர்றதில்லையே. கீழ வந்தாத்தான் நான் நாலு பேரப் பாப்பேன். நீங்க உதவி பண்றேன்னு என்னை வீட்டுலயே உக்கார வச்சிட்டீங்க” என்றாராம். ஏறி இறங்க முடியாமல் இல்லை, நடுவில் மூச்சு வாங்க உட்கார ஓர் இடம்தான் இல்லை என்றும் சொன்னாராம்.

வீட்டுக்கு வந்தவள் சாப்பிடக்கூட இல்லை. படி திரும்பும் இடங்களையெல்லாம் டேப் வைத்து அளக்கப் போய்விட்டாள். வெல்டிங் பட்டறைக்காரர் மகள் இவர்கள் குழுவில் இருக்கிறாள். அவள் அப்பாவின் பட்டறையில், சுவரோடு மடங்கிக்கொள்ளும் இருக்கை ஒன்றைச் செய்துவிட்டார்கள். ஆனால் தங்கள் கால் உயரத்துக்குத் தாழ்வாக மாட்டித் தொலைத்தார்கள். டிரைவர் ஆசையாக உட்கார்ந்தார், எழுந்திருக்க முடியவில்லை! மூன்று பேர் சேர்ந்து தூக்கிவிட்டோம், அதில் நானும் ஒருத்தி. மனுஷர் கோபப்படவில்லை. எவ்வளவு உயரம் வேண்டும் என்று தானே நின்று காட்டினார்.

இப்போது ஒவ்வொரு திருப்பத்திலும் ஓர் இருக்கை. செலவுக்கு என்ன செய்தார்கள் தெரியுமா? இருக்கையின் முதுகில் கீழ்க்கடைகளின் பெயரை எழுதி, அதற்கு மாத வாடகை வாங்குகிறார்கள். என் முதலாளி எச்சில் கையால் காக்கை ஓட்டாதவர், அவரே கொடுக்கிறார்! பெரியவர்கள் இறங்கி வந்தால் கடைக்குத்தானே வருவார்கள் என்று இவள் அவரிடம் கணக்குப் போட்டுக் காட்டினாள். நான் கல்லாவில் குனிந்துகொண்டேன், சிரிப்பை அடக்க முடியவில்லை. பெருமையும்தான். அடுத்த தெருவிலிருந்தும் கேட்டு வந்திருக்கிறார்கள். மாலையில் படியில் கூட்டம், பேச்சு, சிரிப்பு. முன்பெல்லாம் அங்கே ஈயும் பறக்காது.

இனித்தான் நான் எழுத வந்தது. அந்த வகுப்பில் ஒரு வழக்கம் இருக்கிறது. மாதம் ஒருவரைக் கூப்பிட்டு முன்வரிசையில் மரியாதையாக உட்காரவைப்பார்கள். தொழில் நடத்தி மூட நேர்ந்தவர்களைத்தான் கூப்பிடுவார்கள். எங்கே பிசகியது என்று பிள்ளைகள் கேட்பார்கள், அவர் சொல்வார். இந்த மாதத்துக்கு யார் என்று டீச்சர் கேட்டபோது இவள் கை தூக்கி, என் அப்பா என்று சொல்லிவிட்டாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தக் கடையைப் பற்றி இந்த வீட்டில் நாம் வாய் திறந்ததே இல்லை. அப்பா மனசு நோகாதா என்று கேட்டேன். என்னை ஒரு மாதிரி பார்த்தாள். “ஜெயிச்சவங்க எல்லாரும் ஒரே கதையத்தாம்மா சொல்றாங்க. அப்பா ரொட்டி சுட்டா தெருவே மணக்கும். அவ்ளோ நல்லா செஞ்சும் ஏன் நிக்கலன்னு அப்பாவுக்குத்தான் தெரியும், எங்களுக்கு அதுதான் வேணும்” என்றாள். அவள் குரலில் வெட்கம் துளியும் இல்லை. தன் அப்பா பெரிய விஷயம் தெரிந்தவர் என்றே நம்புகிறாள். இத்தனை வருஷமாக நீங்களும் நானும் அதைத் தோல்வி என்று மூடி வைத்திருந்தோம், அவளோ அதைப் பாடம் என்கிறாள். என் வயிற்றில் பிறந்தவளா என்று ஆச்சரியமாக இருக்கிறது.

வரும் சனிக்கிழமை சாயங்காலம் உங்களைப் போனில் கூப்பிட்டுப் பெரிய திரையில் காட்டுவார்களாம். நல்ல சட்டையாகப் போட்டுக்கொள்ளுங்கள். அவளை நிறுத்தத்தான் வேண்டும் என்று அப்போதும் தோன்றினால், அதை நீங்களே அவளிடம் சொல்லுங்கள். நான் சொல்ல மாட்டேன்.

பிள்ளைகள் கேட்பதற்கெல்லாம் மறைக்காமல் பதில் சொல்லுங்கள், யாரும் சிரிக்க மாட்டார்கள். அவர்கள் கேட்டு முடித்த பிறகு எனக்கும் ஒரு கேள்வி இருக்கிறது. கடைக் கடனை அடைக்கத்தான் நீங்கள் அங்கே வேலைக்குப் போனீர்கள், அந்தக் கடன் எப்போதோ தீர்ந்துவிட்டது. கடை மூடியதற்காக இன்னும் எத்தனை காலம் எங்களுக்கு முகம் காட்டாமல் இருக்கப் போகிறீர்கள்?

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்களுக்காக இங்கே ஒரு வீடே காத்திருக்கிறது என்பதை மறந்துவிடாதீர்கள் என்று கேட்டுக்கொள்ளும்,
உங்கள் மனைவி