வீட்டுக்கு ஒரு கை

பிரஸ்ஸல்ஸில் குளிருக்குப் பயப்படும் என் மகாராணிக்கு,

ஐரோப்பாவுக்கு ஆலோசனை சொல்லும் நிபுணர்கள் சிலர் நேற்று வந்தார்கள். கார் பேட்டரிக்கான லித்தியம் நம் மலையில் கிடக்கிறதாம். ஐரோப்பாவே அதற்காகக் காத்திருக்கிறதாம். காத்திருக்கட்டும், நாமும்தான் ஊருக்கு டாக்டர் வருவாரென்று காத்திருக்கிறோம்.

முட்டைக்கோஸ் சூப் கொடுத்தேன். குடித்துவிட்டு, வழி கேட்காமலே நம் பன்றிக் கொட்டிலின் பின்பக்கமாக மலையேறினார்கள். நாய் பாய்ந்தது. அவர்களில் ஒரு நரைத்தாடிக்காரர், "ஃபருஷ்கூ, சும்மா இருடா" என்றார். அது வாலை ஆட்டியது! நீ வைத்த அந்தச் செல்லப் பெயர் நம் சமையலறையைத் தாண்டியதில்லை. ஊருக்கு அது சனியன்தான்.

மதிலோரம் நின்ற பக்கத்து வீட்டு சுல்மீரா விடுவாளா? "ஏன்க்கா, உன் நாய்க்கு பிரஸ்ஸல்ஸ்ல சொந்தக்காரங்க இருக்காங்களா?"

"ஆமாண்டி, சம்பந்தம் பேச வந்திருக்காங்க" என்றேன். அவள் சிரித்தாள். எனக்குத்தான் அப்புறம் சூப் இறங்கவில்லை.

நீ அங்கே கண்ணாடிக் குப்பையைப் பற்றி ஆராய்வதாகத்தான் சொன்னாய். நானும் சுல்மீராவிடம் அதையே சொல்லி வருகிறேன்.

மேய்ச்சல் மலையைத் தோண்ட விடுவதா என்று ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்ததும் ஊர் கூடுகிறது. வழக்கம்போல வீட்டுக்கு ஒரு கை, அதுதான் ஓட்டு. அப்பா போனபின் நம் வீட்டுக் கையை நான்தான் தூக்குகிறேன். இந்தத் தடவை எனக்குத் தோள் வலி என்று வைத்துக்கொள். நீயே வந்து ஊர் பார்க்கத் தூக்கு. எந்தப் பக்கம் என்று நானும் பார்க்கிறேன்.

நரைத்தாடிக்காரரையும் கூட்டி வா. நாய் தேடுகிறது.

இன்னும் சிரித்துக்கொண்டிருக்கும்,
அம்மா