கண்ணீரில் ஓர் எழுத்துப்பிழை

பிழைகளின் பரம வைரியும், கண்டி மாநகரப் பெயர்ப்பலகைகளை எல்லாம் நடுநடுங்க வைத்தவனுமாகிய என் செல்ல மருமகன் தினேஷுக்கு,

மூவுலகும் போற்றும் உன் மாமன் எழுதுகிறேன். இரண்டு உலகங்களிலிருந்து இன்னும் தகவல் வரவில்லை, அது வேறு கதை.

நேற்று மார்க்கெட் பக்கம் ஒரு புதுக் கடை. வாசலில் ஆறடி எழுத்தில் 'குளிர் பாணம்' என்று போட்டிருக்கிறார்கள். குளிர்ந்த அம்புடா! குடித்தால் முதுகு வழியாக வெளியே வரும். கடையில் விற்க நின்ற மனுசனிடம் காட்டினேன். போர்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஆரஞ்சா, நெல்லியா?" என்று கேட்டார். வேறு யாரிடம் காட்டுவது?

நீ வேலைக்குப் போகிற பஸ்ஸையே விட்டுவிட்டு மார்க்கர் பேனையோடு சுவரேறின ஆள். 'இங்கே துப்ப வேண்டாம்' என்பதை எவனோ 'தப்ப வேண்டாம்' என்று எழுதிவிட்டான். "மாமா, தப்பவே விடமாட்டாங்களாம். நாம என்ன கைதியா?" என்றாய். பதினாயிரம் சனம் பார்க்க, ஒரே இழுப்பில் 'து' ஆக்கினாய்.

ஏழு யானையை இடுப்பில் கட்டி இழுப்பாய் என்று ஊரெல்லாம் அளந்து வைத்திருந்தேன். ஒரு நுளம்பு கடித்து, ஐந்து நாள் டெங்குக் காய்ச்சலில் போய்விட்டாய். இருபத்தாறு வயசு. இதில் நான் பெரிதாக்கிச் சொல்ல ஒன்றுமே இல்லையே, ஏண்டா?

உன் சாவு வீட்டில், பன்வில ஊரில் உன் அம்மா வீட்டு வாசலில், உன் படத்தோடு பேனர் கட்டினார்கள். தமிழ் தெரியாத யாரோ எழுத்தின் வடிவத்தை மட்டும் பார்த்து அடித்தது. 'கண்ணீர் அஞ்சலி' இல்லை, 'தண்ணீர் அஞ்சலி'. பழக்கதோசத்தில் நீ கிடந்த பெட்டிப் பக்கம் திரும்பி, "பாத்தியாடா!" என்றேன். வீடே கேட்கச் சிரித்தும்விட்டேன்.

"என் புள்ள கிடக்கிறான், நீ குடிச்சிட்டு வந்து சிரிக்கிறியா?" என்றாள் அக்கா. அன்றைக்கு ஒரு சொட்டுக்கூட இல்லை. என் வாயை யார் நம்புவார்கள்? எட்டு மாதமாக உன் அம்மா என்னோடு பேசுவதில்லை. போனில் என் குரல் கேட்டதும் வைத்துவிடுகிறாள். உன்னைப் பற்றிப் பேச எனக்கு இருந்ததே அவள் ஒருத்திதான்.

ஞாயிற்றுக்கிழமை பன்வில பஸ் ஏறுவேன். கதவைச் சாத்தினாலும் வெளியே நின்று சொல்வேன்: "அக்கா, நான் அவனோட சேர்ந்துதான் சிரிச்சேன். அவன் சிரிக்கலைன்னு பிறகுதான் தெரிஞ்சுது." இதில் ஒரு சொல்லும் கூட்டமாட்டேன், சத்தியம்.

உன் அம்மாவுக்குத் தம்பி,
உனக்குத் தாய்மாமன்