ஹாலிஸ் கொண்டுவந்த பாத்திரம்

அன்பு மகள் லோரீனுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சுகம், பனி விழத் தொடங்கியதும் அவர் முழங்கால் வலி மட்டும் வந்துவிட்டது. நீ சுகமா என்று வழக்கத்துக்குக் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்கிறேன். அன்றைக்குப் போனில் விஷயத்தைச் சொல்ல வந்தேன், "நான் பாத்துக்கிறேம்மா" என்று வைத்துவிட்டாய். அதனால்தான் எழுதுகிறேன், முழுக்கப் படி.

நம் தேவாலயத்துக்கு ஹாலிஸ் என்று ஒருவன் புதிதாக வந்திருக்கிறான். வேலி சாய்ந்தால் கேட்காமலே நிமிர்த்துகிறான், அப்பாவுக்கு விறகு பிளந்து கொடுக்கிறான். பேச்சோடு பேச்சாக, "உங்க பொண்ணு சிகாகோவுல புரொபசராமே, எந்தப் பக்கம் குடியிருக்காங்க?" என்றான். எனக்குச் சுருக்கென்றது. நம் ஊர் மலைமேல் முகாம் போட்டிருந்த அந்த வெள்ளை இனவெறிக் கும்பல் குண்டு வைத்ததை நீ புத்தகமாக எழுதியதிலிருந்து, உன்னைப் பற்றி விசாரிக்கிற யாரையும் நான் நம்புவதில்லை. அவள் வீடு மாறிக்கொண்டே இருப்பாள், எனக்கே தெரியாது என்று சொல்லிவைத்தேன். அப்பாவோ, "உனக்கு யாரைப் பாத்தாலும் சந்தேகம்தான்டி" என்று சிரிக்கிறார்.

போன ஞாயிறு தேவாலயத்தில் ஆளுக்கொன்று சமைத்துக்கொண்டு போகும் விருந்து. ஹாலிஸ் பீன்ஸ் கொண்டுவந்திருந்தான். பிறகு பாத்திரம் கழுவும்போது திருப்பிப் பார்க்கிறேன், அடியில் ஒட்டியிருந்த தாளில் என் பேர், என் கையெழுத்து! உன் தம்பி க்ளின்டுக்கு உருளைக்கிழங்கு செய்து கொடுத்தனுப்பிய பாத்திரம். நேரே க்ளின்ட் வீட்டுக்குப் போய்க் கேட்டேன். கொஞ்சமும் மறைக்கவில்லை. "ஹாலிஸ் வாராவாரம் இங்கதாம்மா சாப்பிடுறாரு. அக்காதான் நம்ம ஊரையே கொலைகார ஊருன்னு எழுதி நாறடிச்சுட்டா. அட்ரஸ் கேட்டாரு, குடுத்தேன். சும்மா பேசத்தானே போறாங்க" என்றான். பேசப் போகிறார்களாம்! அந்த மலைக் கும்பல் ஆட்கள் பேசப் போன வீடுகளில் என்ன நடந்தது என்று இத்தனை வருஷம் படித்த உனக்கு நானா சொல்ல வேண்டும்? ஓங்கி அறைந்துவிட்டு வந்தேன். வீட்டுக்கு வரும்வரை அழுதேன்.

போலீஸில் சொல்லு, வேறு வீடு பார். நன்றி விழா விருந்துக்கு இங்கே வராதே, வான்கோழி ஒன்றும் ஓடிப்போகாது. வேளைக்குச் சாப்பிடு, இருட்டுவதற்குள் வீடு திரும்பு. கர்த்தர் உன் வாசலில் காவல் நிற்பார்.

ஒன்று மட்டும் மறக்காதே. புது வீட்டு முகவரியை எனக்குச் சொல்லாதே, கல்லூரிக்கே எழுதிக்கொள்கிறேன். நான் அவனுக்கும் அம்மா. நாளைக்கு க்ளின்ட் வந்து என் மடியில் தலைவைத்து அழுது கேட்டால், நான் சொல்லிவிடுவேன்.

உன் அம்மா,
வெர்னா